கலவரம் வெடித்தால் நம் பிள்ளைக்கு யார் பொறுப்பு?



ஹாபு, ரிங்லெட், சுங்கை பாலாஸ், புளூ வேலி – கேமரன் மலையில் எந்தப் பக்கம் போனாலும் ஒரு பேச்சு காதில் விழும். யார் மகன் எந்த நாட்டுக்கு வேலைக்குப் போனான், யார் மகள் எந்த நாட்டில் படிக்கிறாள் என்ற பேச்சுதான் அது. பாட்டன் காடு வெட்டினார். அப்பா மருந்து அடித்தார். அம்மா கொழுந்து பறித்தார். பிள்ளைகள் மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். தோட்டச் சம்பளத்தில் குடும்பம் ஓடாது என்று தெரிந்த பிறகு அவர்கள் இறங்கியதில் ஒரு குற்றமும் இல்லை.

பிள்ளை புறப்படும்போது எவ்வளவு சம்பளம் என்று கேட்கிறீர்கள். தங்க இடம் உண்டா, சாப்பாடு உண்டா என்று கேட்கிறீர்கள். அந்த நாட்டில் நாளைக்கே கலவரம் வெடித்தால் என் பிள்ளை எப்படி வீடு திரும்புவான் என்று கேட்டீர்களா? அந்த நேரத்தில் அவனுக்குப் பொறுப்பு யார் என்று ஏஜெண்டிடம் கேட்டீர்களா?

'அதெல்லாம் எங்கோ நடப்பது, நம் பிள்ளைக்கு ஏன் நடக்கப் போகிறது' என்று சொல்லாதீர்கள். 2024 ஜூலையில் வங்காளதேசத்தில் மாணவர் போராட்டம் கலவரமாக வெடித்தது. ஜூலை 18ஆம் தேதி இணையம் துண்டிக்கப்பட்டது. மறுநாள் இரவே நாடு முழுவதும் ஊரடங்கு. அங்கே படித்துக்கொண்டிருந்த மலேசிய மாணவர்களின் பெற்றோர் இங்கே தூக்கமில்லாமல் தவித்தார்கள். ஜூலை 23ஆம் தேதி நம் அரசாங்கம் தனி விமானம் ஏற்பாடு செய்து நூற்றுக்கும் மேற்பட்ட மலேசியர்களை டாக்காவிலிருந்து கொண்டுவந்து சேர்த்தது. 2025 செப்டம்பரில் நேப்பாளம் எரிந்தது. செப்டம்பர் 8ஆம் தேதி இளைஞர்கள் வீதிக்கு வந்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டார்கள். மறுநாள் பிரதமர் பதவி விலகினார், காட்மாண்டு விமான நிலையமும் மூடப்பட்டது. திங்கட்கிழமை காலையில் அமைதியாக இருந்த நகரம், செவ்வாய்க்கிழமை மாலையில் வெளியே போக வழியில்லாத நகரமாகிவிட்டது. இரண்டே நாள்!

கலவரம் நாள் குறித்து வருவதில்லை. வந்த பிறகு ஏற்பாடு செய்ய நேரமும் கொடுப்பதில்லை. ஆகவே கலவரத்தில் உயிர் தப்புவதற்கான வேலையில் பெரும்பகுதி இங்கே, நம் லயத்து வீட்டில், பிள்ளை பெட்டி கட்டுவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இந்தத் தலையங்கத்தின் செய்தி இதுதான்.

கலவரம் முதலில் கேட்பது பத்திரத்தை

உங்கள் சட்டைப் பையில் இருக்கும் அடையாளக் கார்டு எப்போது பிறந்தது தெரியுமா? 1948ஆம் ஆண்டில். கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியால் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில்தான் இந்த நாட்டில் ஆட்களைப் பதிவு செய்து அடையாளக் கார்டு கொடுக்கும் முறை தொடங்கியது. நாட்டில் குழப்பம் வந்தவுடன் ஆட்சியாளர் கேட்ட முதல் கேள்வி 'நீ யார், காட்டு பார்க்கலாம்' என்பதே. கார்டு வைத்திருந்தவன் வீட்டுக்குப் போனான். இல்லாதவன் விளக்கம் சொல்லிக்கொண்டு நின்றான்.

1969ஆம் ஆண்டு மே 13ஆம் தேதிக் கலவரத்தை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு தோட்டங்களில் நடந்ததை இளையவர்களில் பலர் அறியவில்லை. 1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கலவரத்துக்குப் பின் கடுமையாக நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்றார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே வளர்ந்து, சிவப்பு அடையாளக் கார்டு மட்டும் வைத்திருந்த தோட்டத் தமிழர்கள் ஒரே நாளில் அந்நியத் தொழிலாளர் ஆனார்கள். வேலையும் வீடும் இழந்து கப்பலேறியவர்கள் சுமார் 60,000 பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்கள் கலவரம் செய்தவர்களா? இல்லை! கலவரம் முடிந்த பிறகு பத்திரம் கேட்கப்பட்டபோது கையில் பத்திரம் இல்லாதவர்கள்.

கடல் தாண்டி இலங்கை மலையகத்தைப் பாருங்கள். நம்மைப் போலவே தேயிலைத் தோட்டத் தமிழர்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று தலையை எண்ணிப் பிரித்தார்கள். 1977இலும் 1983 ஜூலையிலும் வன்முறை வெடித்தபோது மலையகத் தமிழர்களும் அடிபட்டார்கள், ஓடினார்கள். அப்படி ஓடித் தமிழ்நாட்டு அகதி முகாம்களுக்குப் போய்ச் சேர்ந்தவர்களில் எந்த நாட்டுக் குடியுரிமையும் கையில் இல்லாமல் பத்தாண்டுக் கணக்கில் காத்துக் கிடந்த குடும்பங்கள் உண்டு. தீ அணைந்துவிட்டது, பத்திரம் மட்டும் வரவில்லை!

இந்தப் பழைய கதையை ஏன் சொல்கிறேன்? தோட்டத் தமிழனுக்குக் கலவரம் இரண்டு முறை வருகிறது. முதல் முறை கல்லும் நெருப்புமாக வருகிறது. இரண்டாம் முறை 'உன் பத்திரம் எங்கே' என்ற கேள்வியாக வருகிறது. முதலாவதில் தப்பியவர்கள் பலர் இரண்டாவதில் விழுந்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கும் இதே இரண்டு கண்டங்கள் காத்திருக்கின்றன.

விமானத்தில் இடம் யாருக்கு?

2011 பிப்ரவரியில் எகிப்தில் கிளர்ச்சி நடந்தபோது ஆயிரக்கணக்கான மலேசிய மாணவர்கள் ஜெட்டா வழியாகப் பத்திரமாக அழைத்து வரப்பட்டார்கள். அரசாங்கத்தால் முடியும், செய்திருக்கிறது. ஆனால் அது எப்படி நடக்கிறது என்பதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

தூதரகம் முதலில் பட்டியலை எடுக்கும். இந்த நாட்டில் எத்தனை மலேசியர்கள், யார் யார், எந்த ஊரில், எந்தத் தொலைபேசி எண்ணில் என்று பார்க்கும். பட்டியலில் இருப்பவருக்கு அழைப்பு வரும். இத்தனை மணிக்கு இந்த இடத்துக்கு வந்து சேருங்கள் என்று சொல்வார்கள். அங்கே கடப்பிதழைப் பார்ப்பார்கள். பிறகு வாகனம், பிறகு விமானம்.

பட்டியலில் இல்லாதவருக்கு என்ன ஆகும்? அவர் அந்த நாட்டில் இருக்கிறார் என்பதே தூதரகத்துக்குத் தெரியாது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு மாணவர் சங்கம் இருக்கிறது. அவர்கள் பெயர் எளிதாகக் கிடைத்துவிடும். கட்டுமான இடத்திலும் உணவுக் கடையிலும் கப்பல் பட்டறையிலும் வேலை செய்யும் தோட்டத்துப் பையனின் பெயரை யார் கொடுப்பார்கள்? அவனாகப் போய்ப் பதிந்தால்தான் உண்டு.

மியன்மாரில் நடந்ததையும் பாருங்கள். 2021 பிப்ரவரி 1ஆம் தேதி இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு அந்த நாடு உள்நாட்டுப் போரில் விழுந்தது. அந்தக் குழப்பத்தில்தான் எல்லையோர ஊர்களில் மோசடிக் கும்பல்கள் கொழுத்தன. தாய்லாந்தில் நல்ல சம்பளத்தில் கணினி வேலை என்று ஆசை காட்டி மியாவாடிக்கும் லவுக்கைக்கும் கடத்தப்பட்ட இளைஞர்களில் மலேசியர்களும் உண்டு. 2023 இறுதியில் லவுக்கைப் பகுதியில் சண்டை மூண்டபோது அங்கே அடைபட்டிருந்த மலேசியர்களைச் சீன எல்லை வழியாக மீட்க வேண்டியிருந்தது. அவர்கள் எந்தப் பட்டியலிலும் இருந்தவர்கள் அல்லர். சுற்றுலாப் பயணியாகப் போனவன் எந்தக் கம்பெனியில் இருக்கிறான் என்று எந்த அதிகாரிக்குத் தெரியும்?

புறப்படுவதற்கு முன் செய்ய வேண்டியவை

இவற்றைக் கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

1. பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, கடப்பிதழ் மூன்றிலும் பெயரும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 'முனியாண்டி' ஒன்றிலும் 'முனியண்டி' இன்னொன்றிலும் இருந்தால் இப்போதே தேசியப் பதிவிலாகாவுக்குப் போய்த் திருத்துங்கள். சாதாரண நாளில் அது ஒரு எழுத்துப் பிழை. ஊரடங்கு நாளில், சோதனைச் சாவடியில், அது சந்தேகம்.

2. கடப்பிதழ் காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்கட்டும். நகல் மூன்று எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று பிள்ளையின் பெட்டியில், ஒன்று கைத்தொலைபேசியில் படமாக.

3. விஸ்மா புத்ராவின் இ-கொன்சுலார் பதிவில் பெயரைப் பதியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மலேசியர்களுக்கென்றே வெளியுறவு அமைச்சு வைத்திருக்கும் பதிவு அது. உங்களுக்குக் கணினி தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பேரப்பிள்ளை செய்வான். வேலை இடமோ வீடோ மாறினால் மறுபடியும் மாற்றிப் பதிய வேண்டும்.

4. எந்த விசாவில் போகிறான் என்று கேளுங்கள். 'முதலில் சுற்றுலா விசாவில் போகட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று ஏஜெண்டு சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிறவர் 1981ஆம் ஆண்டுத் தனியார் வேலைவாய்ப்பு நிறுவனச் சட்டத்தின்படி உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவனிடம் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

5. ஒரு தாளில் இவற்றை எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள்: கடப்பிதழ் எண், முதலாளியின் பெயரும் முகவரியும், தங்கும் இடம், உடன் வேலை செய்யும் இருவரின் தொலைபேசி எண், அந்த நாட்டிலுள்ள மலேசியத் தூதரகத்தின் எண், ஏஜெண்டின் பெயர். 'என் மகன் டுபாய்ப் பக்கம் இருக்கிறான்' என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு யாராலும் யாரையும் தேட முடியாது.

6. திரும்பி வரும் விமானச் சீட்டுக்கான பணத்தைப் பிள்ளை தனியே வைத்திருக்கட்டும். வீட்டுக்குப் பணம் அனுப்பச் சொல்லி நெருக்கும் பெற்றோர்களே, அந்தப் பணத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அவசரத்தில் வங்கி இயந்திரம் வேலை செய்யாது. கொஞ்சம் ரொக்கமாகவும் இருக்கட்டும்.

7. கடப்பிதழை முதலாளியிடம் ஒப்படைக்காதீர்கள். 'பாதுகாப்பாக வைக்கிறோம்' என்பார்கள். பூட்டி வைத்த முதலாளி ஓடிப்போனால் கடப்பிதழ் பூட்டுக்குள்ளேதான் கிடக்கும். தொலைந்துவிட்டால் தூதரகம் வீடு திரும்ப அவசரச் சான்றிதழ் கொடுக்கும். ஆனால் அதற்கும் நீங்கள் மலேசியர் என்பதைக் காட்ட வேண்டும். மேலே சொன்ன நகல் அங்கேதான் உதவும்.

கலவரம் தொடங்கிவிட்டால்

வீட்டை விட்டு வெளியே போகாதே. இதுதான் முதல் சட்டம். வேடிக்கை பார்க்கப் போவதும், கைத்தொலைபேசியில் படம் எடுப்பதும், அதை முகநூலில் போடுவதும் உயிருக்கு உலை வைக்கும். ஒரு கூட்டத்துக்கு நீ உளவாளி, இன்னொரு கூட்டத்துக்கு நீ கலவரக்காரன்.

பக்கத்து நாட்டுப் பாடம் ஒன்று உண்டு. 2013 டிசம்பர் 8ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் அடிபட்டு மாண்டார். கூட்டம் கொதித்தது, வாகனங்கள் எரிந்தன. அதன் பிறகு 25 பேர் மீது வழக்குப் போட்டார்கள். வழக்கு இல்லாமலேயே 57 பேரை நாடு கடத்தினார்கள். போலீஸ் கலைந்து போகச் சொன்ன பிறகும் கலையாமல் கூட்டத்தோடு இருந்தார்கள் என்பது அவர்கள்மீது சொல்லப்பட்ட காரணம். கடன் வாங்கி ஏஜெண்டுக்குக் கட்டி வந்த மனிதர்கள், ஓர் இரவோடு பிழைப்பை இழந்து ஊர் திரும்பினார்கள். கலவரத்தின் காரணம் நியாயமா அநியாயமா என்பது வேறு விவாதம். அந்நிய நாட்டில் கூட்டத்தோடு நிற்பவனுக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கிடைப்பது அரிது என்பதை மறக்காதீர்கள்.

2007 நவம்பர் 25ஆம் தேதி நம் மக்கள் கோலாலம்பூர் வீதியில் இறங்கினார்கள். கண்ணீர்ப் புகையையும் தண்ணீர்ப் பீரங்கியையும் தாங்கினார்கள். அது குடிமக்கள் தங்கள் சொந்த நாட்டில் எழுப்பிய குரல். அதே குரலை இன்னொரு நாட்டு வீதியில் எழுப்பலாம் என்று நினைக்காதீர்கள். நம் நாட்டின் 2012ஆம் ஆண்டு அமைதிப் பேரணிச் சட்டமே குடிமக்கள் அல்லாதவருக்குப் பேரணி உரிமை இல்லை என்கிறது. மற்ற நாடுகள் நம் பிள்ளையிடம் இதைவிடத் தாராளமாக நடந்துகொள்ளும் என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

இன்னும் சில:

– மூன்று நான்கு நாளுக்கான தண்ணீர், அரிசி, டின் உணவு, மருந்து அறையில் இருக்கட்டும். மின்சாரம் இருக்கும்போதே தொலைபேசியை நிரப்பி வை.

– தூதரகம் சொல்லாமல் விமான நிலையத்துக்கு ஓடாதே. மூடிய விமான நிலையத்தின் வாசலில் நிற்பதைவிட அறையில் இருப்பது மேல்.

– சோதனைச் சாவடியில் ஓடாதே, வாதாடாதே. இரண்டு கையும் தெரியும்படி வை. கடப்பிதழைக் கேட்ட பிறகு மெதுவாக எடு.

– அறையில் உடன் இருப்பவர்களோடு ஒன்றாக இரு. தனியே பிரிந்து போகாதே.

கைது செய்யப்பட்டால்? ஒரு வழக்கறிஞனாக இதை அழுத்திச் சொல்கிறேன். 1963ஆம் ஆண்டு வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 36ஆம் பிரிவு உங்கள் பிள்ளைக்கு ஓர் உரிமை தருகிறது. பிடிபட்ட வெளிநாட்டவர் கேட்டால், அவருடைய தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரி அவரை வந்து பார்க்க அனுமதிக்க வேண்டும். கேட்டால்தான்! ஆகவே பிள்ளைக்கு ஒரு வாக்கியத்தைச் சொல்லிக் கொடுங்கள்: 'நான் மலேசியக் குடிமகன், என் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.' ஆங்கிலத்திலும் அந்த நாட்டு மொழியிலும் மனப்பாடமாக இருக்கட்டும். படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

தூதரகத்தால் எல்லாம் முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும். சிறையை உடைத்துக் கூட்டி வர அவர்களால் முடியாது. உங்களுக்காக வாதாட மாட்டார்கள். ஆனால் வந்து பார்க்கலாம், குடும்பத்துக்குச் சொல்லலாம், அங்குள்ள வழக்கறிஞர்களின் பெயர் தரலாம், பயணப் பத்திரம் கொடுக்கலாம். அந்நிய நாட்டில் தனியே கிடப்பவனுக்கு இது சிறிய காரியம் அல்ல.

வீட்டில் இருப்பவர்களுக்கு

டாக்காவில் இணையம் நின்றபோது வாட்ஸ்அப்பை மட்டும் நம்பிய குடும்பங்கள் தவித்தன. ஆகவே முன்கூட்டியே ஒரு முறை வகுத்துக்கொள்ளுங்கள். இணையம் போனால் சாதாரணத் தொலைபேசி. அதுவும் போனால் இன்ன நண்பர் மூலம் செய்தி. குறிப்பிட்ட நாள் ஒன்றில் பேச்சு வராவிட்டால் மட்டுமே பதற வேண்டும் என்று பேசி முடிவு செய்யுங்கள்.

அழைப்பதும் தகவல் வாங்குவதும் வீட்டில் ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும். பத்துப் பேர் பத்து இடத்தில் கேட்டால் பத்து விதமான வதந்திதான் வரும். விஸ்மா புத்ராவில் புகார் கொடுங்கள். நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்திலும் எழுத்து மூலமாகக் கொடுங்கள். கொடுத்த கடிதத்தின் நகலில் முத்திரை வாங்குங்கள். வாய்ச் சொல் காற்றோடு போகும்.

'உங்கள் பையனை நான் மீட்டுத் தருகிறேன், இவ்வளவு அனுப்புங்கள்' என்று யாராவது அழைத்தால் ஒரு காசும் அனுப்பாதீர்கள். உடனே போலீசில் சொல்லுங்கள். பிள்ளையின் ஆபத்திலும் பெற்றோரிடம் சுரண்டப் பார்க்கும் கூட்டம் எல்லா நாட்டிலும் உண்டு.

பத்திரமே இல்லாத பிள்ளைக்கு?

இதுவரை சொன்ன எல்லாம் நீல அடையாளக் கார்டு உள்ளவருக்கு. நம் தோட்டங்களில் சிவப்பு அடையாளக் கார்டோடும், பிறப்புப் பத்திரம்கூட இல்லாமலும் இருக்கும் பிள்ளைகளை என்ன செய்வது? மலேசியக் கடப்பிதழ் குடிமக்களுக்கு மட்டும்தான். குடியுரிமை இல்லாத இளைஞன் மலேசியனாக எந்தத் தூதரகத்திலும் பதிய முடியாது. அவனை 'வேறொருவன் கடப்பிதழில் போகலாம்' என்று ஏஜெண்டு கூப்பிட்டால், அது குற்றம் மட்டுமல்ல. கலவரம் வந்தால் அவனைத் தேட ஒரு நாடும் வராது. செத்தாலும் இன்னொருவன் பெயரில் சாவான்.

பெற்றோர்களே, குழந்தை பிறந்தால் 60 நாட்களுக்குள் பதியுங்கள். திருமணத்தைச் சட்டப்படி பதியுங்கள். கோயிலில் தாலி கட்டியது சாமிக்குத் தெரியும், பதிவிலாகாவுக்குத் தெரியாது. அந்த ஒரு தாள் இல்லாததால் பிள்ளையின் குடியுரிமை சிக்கலாகிறது. வெளிநாட்டில் குழந்தை பிறந்தால் ஓராண்டுக்குள் மலேசியத் தூதரகத்தில் பதியுங்கள். குடியுரிமை விண்ணப்பம் போட வேண்டியவர்கள் தள்ளிப்போடாதீர்கள். 2024 அக்டோபரில் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம் சில விண்ணப்பங்களின் வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைக்க வகைசெய்கிறது. மூன்று ஆண்டு என்பது விண்ணப்பத்துக்குக் காத்திருப்பவனுக்கு ஒரு வாழ்நாள்.

பக்கத்து லயத்தையும் பாருங்கள்

நாம் விட்டு இறங்கிய தேயிலைக் காட்டில் இன்று வங்காளதேசத் தொழிலாளியும் நேப்பாளத் தொழிலாளியும் வேலை செய்கிறார்கள். 2024 ஜூலையில் டாக்கா இருண்டபோதும் 2025 செப்டம்பரில் காட்மாண்டு எரிந்தபோதும் அவர்கள் இங்கே இருந்தபடி தாய் தகப்பனை நினைத்துத் துடித்தார்கள். நம் பிள்ளை அந்நிய நாட்டில் எப்படியோ, அப்படித்தான் இவர்கள் நம் நாட்டில். அவர்களுடைய கடப்பிதழை முதலாளி பிடித்து வைப்பது நம் 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தின்படி குற்றம். அதைக் கண்டால் சொல்லுங்கள். நம் பிள்ளைக்கு வெளியே கேட்கும் நியாயத்தை, உள்ளே இருப்பவனுக்கு மறுக்கலாமா?

அரசாங்கத்துக்கு நம் கோரிக்கை

ஒன்று: விஸ்மா புத்ராவின் பதிவு முறையும் அவசர அறிவிப்புகளும் தமிழிலும் வர வேண்டும். தோட்டத்துத் தாய்க்குப் புரியாத அறிவிப்பு அவளுக்குக் கொடுக்கப்படாத அறிவிப்பு.

இரண்டு: தேசியப் பதிவிலாகா அதிகாரிகள் ஒவ்வொரு தோட்டத்துக்கும் நேரில் வர வேண்டும். ஒரு நாள் சம்பளத்தை இழந்து, மலைப்பாதையில் பேருந்து பிடித்து, 'நாளைக்கு வா' என்ற பதிலைக் கேட்டுத் திரும்பும் நிலை மாற வேண்டும்.

மூன்று: வெளிநாட்டு வேலை என்று ஆள் பிடிக்கும் உரிமமற்ற ஏஜெண்டுகள் மீது நடவடிக்கை வேண்டும். பிள்ளை அகப்பட்ட பிறகு மீட்பதைவிடப் போகுமுன் தடுப்பது எளிது.

இந்தக் கோரிக்கைகள் நிறைவேறும்வரை சும்மா இருக்க வேண்டாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கூடுங்கள். கணினி தெரிந்த இளைஞர்களை உட்கார வையுங்கள். வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு குடும்பமும் அந்தத் தாளை எழுதட்டும், ஒவ்வொரு பெயரும் அந்தப் பதிவில் ஏறட்டும். பத்திரம் இல்லாத பிள்ளைகளின் பெயரைத் தனியே எழுதுங்கள். அந்தப் பட்டியலோடு தானா ராத்தாவுக்குக் கூட்டமாகப் போவோம். தனியாகப் போனால் திருப்பி அனுப்புவார்கள்; ஊராகப் போனால் உட்காரச் சொல்வார்கள்.

கலவரம் வெடித்தால் நம் பிள்ளைக்கு யார் பொறுப்பு? அரசாங்கம் பொறுப்பு. அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்குவதற்கான பத்திரத்தையும் பதிவையும் தயார் செய்வது நம் பொறுப்பு. இன்று இரவே அலமாரியைத் திறந்து பாருங்கள்!